நகை போடாதவளுக்கு எதற்கு லாக்கர்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஆராதனைக்குப் போயிருந்த நேரத்தில், சேலையூரில் எங்கள் வீட்டுப் பூட்டை உடைத்திருந்தார்கள். பீரோவை நெம்பி, மெத்தையைக் கிழித்து, ஒன்றும் கிடைக்காமல் போயிருந்தார்கள். பார்க்க வந்த காவலர் என் காதையும் கழுத்தையும் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"நகையே போடாத வூட்ல வந்து இன்னாத்த தேடினானோ!"

நானும் சிரித்து வைத்தேன். பரணில் பழைய விடைத்தாள் கட்டுகளுக்கு நடுவே இருந்த தங்கக் காசுகளைப் பற்றி மூச்சு விடவில்லை.

எங்கள் சபையில் ஞானஸ்நானம் எடுத்தவர்கள் பொன் அணிவதில்லை. நானும் இருபது வயதில் கழற்றினேன். அணிய மாட்டேன் என்றுதான் சொன்னேன். வைத்துக்கொள்ள மாட்டேன் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. தனியார் பள்ளி ஆசிரியைக்கு ஓய்வூதியம் கிடையாது. வருடத்துக்கு ஒரு காசாவது வாங்கிவிடுவேன். மகன் பொத்தேரி கல்லூரியில் படித்த நான்கு வருடமும் மாலையில் டியூஷன் எடுத்தேனே தவிர, அதைத் தொடவில்லை. நாளைக்கு அவன் கையை எதிர்பார்க்காமல் நான் சாப்பிட வேண்டிய சோறு அது, மருந்து அது.

திருடன் வந்துபோனபின், வாசலில் ஒரு பைக் நின்றால்கூடப் பரணை நிமிர்ந்து பார்த்தேன். கணவர் சுலபமாக ஒரு வழி சொன்னார்.

"அண்ணன் லாக்கர்ல வெச்சிடலாமே. வாடகையே கிடையாது."

குரோம்பேட்டையில் இருக்கும் அந்த லாக்கரின் சாவி என் ஓரகத்தியிடம் இருக்கிறது. ஒரு காசு எடுக்க வேண்டுமானால் அவரிடம் காரணம் சொல்ல வேண்டும். அவருக்கு ஓய்வு இருக்கும் நாளில்தான் என் தங்கம் எனக்கு.

நோட்டில் கோடு போட்டு மற்ற இடங்களை எழுதினேன். மேற்குத் தாம்பரத்து அரசு வங்கியில் வாடகை மிகக் குறைவு. ஆனால் லாக்கர் காலியில்லை. மேடவாக்கத்தில் ஒரு தனியார் பெட்டக நிறுவனத்தில் காப்பீட்டுக்கும் சேர்த்து வாடகை வாங்குகிறார்கள். என் சம்பளத்துக்குத் தாங்காது. கிழக்குத் தாம்பரத்துத் தனியார் வங்கி இரண்டுக்கும் நடுவில். ஒப்பந்தத்தைப் படித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. வங்கியில் திருடு போனால், ஆண்டு வாடகையைப் போல நூறு மடங்கு வரைக்கும்தான் வங்கி பொறுப்பு. வாடகை குறையக் குறைய அந்தப் பொறுப்பும் குறையும். நடுவில் இருந்ததையே பிடித்துக்கொண்டேன்.

"லாக்கர் இருக்கு மேடம்," என்றார் அங்கிருந்த அதிகாரி. "ஒரு இன்ஷூரன்ஸ் பாலிசி மட்டும் போட்டுடுங்க, இன்னைக்கே சாவி."

"போடலைன்னா?"

"அப்போ வெயிட்டிங் லிஸ்ட்தான்."

"இப்பதானே காலியா இருக்குன்னீங்க? மூணு வருஷ வாடகைக்கு டெபாசிட் கேளுங்க, தரேன். பாலிசி போட்டாத்தான் லாக்கர்னா, அதை எழுதிக் குடுங்க சார்."

பேனாவை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"கோவப்படாதீங்க. நகைகூட போட மாட்டீங்க போல. உள்ள அப்படி என்ன வெக்கப் போறீங்க?"

"அந்தக் கேள்வி உங்க ஃபாரத்துல இல்லையே."

பின்னால் காத்திருந்த ஒரு பெண் சிரித்துவிட்டார். "அக்கா டீச்சர்தானே? குரலைக் கேட்டாலே தெரியுது."

எழுதித் தர முடியாத நிபந்தனை அது. பாலிசி இல்லாமலே சாவி வந்தது.

அன்று மாலையே ஓரகத்தி போன் செய்தார். கணவர் அண்ணன் வீட்டில் சொல்லியிருந்தார்.

"எங்க லாக்கர்ல இடம் இருக்கறப்ப எதுக்கும்மா தண்டச் செலவு? அப்படி என்னதான் வெச்சிருக்க?"

"என் வயசான காலத்தை வெச்சிருக்கேன்க்கா."

"சபையில தெரிஞ்சா?" என்றார்.

"தெரியட்டும்."

சொல்லிவிட்டேன். அடுத்த வருட வாடகையையும் என் சம்பளக் கணக்கிலேயே பிடித்துக்கொள்ளும்படி வங்கிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.