அம்மன் கொடுக்காத உத்தரவு

என் மகளின் அங்க அடையாளங்களை நானே என் கையால் எழுதினேன். வலது முழங்கைக்குக் கீழே ஒரு மச்சம். இடது புருவத்தில் ஒரு தழும்பு. மூன்று வருஷத்துக்கு முன்பு, ஐப்பசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, உத்தமபாளையத்தில் காவல் நிலையத்து மேஜைமேல் வைத்து எழுதினேன். சப்-இன்ஸ்பெக்டர் சின்ன வயசுக்காரர். "சார், கடைசியா பாப்பா என்ன கலர் டிரெஸ் போட்டிருந்தாக?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் படித்துக்கொண்டிருந்த பிள்ளை என்ன உடுத்தியிருந்தாள் என்று நான் எதைப் பார்த்துச் சொல்வது? அந்த இடத்தைக் காலியாக விட்டேன். முப்பத்துநான்கு வருஷ வருவாய்த்துறை உத்தியோகத்தில் நான் ஒரு கட்டத்தைக்கூடக் காலியாக விட்டதில்லை.

நான் துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன். ஊர்க்காரர்கள் எனக்குத் தாங்களாகவே பதவி உயர்வு கொடுத்து 'தாசில்தார்' என்பார்கள். அரசாங்கம் கொடுக்காததை ஊர் கொடுக்கும்போது நான் மறுத்ததில்லை. எத்தனையோ சவ விசாரணை அறிக்கைகளை இந்தக் கையால் எழுதியிருக்கிறேன். அடுத்தவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு, மச்சம், தழும்பு என்று இதே வார்த்தைகளை எழுதியிருக்கிறேன். அதனால் அன்றைக்குப் பேனா நகரவில்லை. ஒரு காகிதம் அடுத்து எங்கே போகும், அதற்கு அடுத்து எந்தக் காகிதம் வரும் என்பது எனக்கு மனப்பாடம். மற்றத் தகப்பன்களுக்குத் தெரியாத பயம் அது.

அன்பர்களே, என் மகள் ஏன் காணாமல் போனாள் என்பதைச் சொல்லாமல் அம்மனுடைய கருணையைச் சொல்ல முடியாது. சொல்கிறேன்.

எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினாறு வருஷம் கழித்துப் பிறந்தவள் பவித்ரா. பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் அவளுக்கு இரண்டு இடம் கிடைத்தது. ஒன்று பெரியகுளத்தில் தோட்டக்கலைப் படிப்பு. அவள் ஆசைப்பட்டது அதுதான். திராட்சைத் தோட்டத்துக்குள் விட்டால் சாப்பாட்டை மறந்துவிடுவாள். இன்னொன்று, வடக்கே ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம். பெயர் வேண்டாம். சொன்னால் கேட்கிறவர் நிமிர்ந்து உட்காருகிற பெயர். அதன்மேல் ஒரு குற்றமும் இல்லை. அங்கே படித்துப் பெரிய ஆளானவர்கள் ஏராளம்.

எனக்கு அந்தப் பெயர் வேண்டியிருந்தது. நான் அஞ்சல் வழியில் பட்டம் வாங்கியவன். புதிதாக வந்த ஓர் இளம் அதிகாரி என் கோப்பு ஒன்றைப் பாராட்டிவிட்டு, "எந்தக் காலேஜ்ல படிச்சீங்க?" என்று கேட்டார். சொன்னேன். "ஓ" என்றார். அவ்வளவுதான். அந்த "ஓ"வை இருபது வருஷம் சுமந்தேன். பிறகு அதை என் மகள் தலையில் இறக்கிவைக்கப் பார்த்தேன்.

வீட்டில் பத்து நாள் சண்டை. சேருவதற்கான கடைசித் தேதி நெருங்கியது. என் மனைவி சரோஜாதான் சொன்னாள்: "அப்பனும் மகளும் கத்தி எனக்குத் தலவலி. நாச்சியாத்தாட்ட பூக் கேப்போம். ஆத்தா சொல்றத ரெண்டு பேரும் கேளுங்க."

பவித்ரா யோசித்துவிட்டு, "சரி. ஆத்தா சொன்னா நான் மறுபேச்சு பேச மாட்டேன்" என்றாள்.

நாச்சியம்மன் எங்கள் குலதெய்வம். முல்லைப் பெரியாற்றங்கரையில் சின்னக் கோவில். பூக் கேட்பது உங்களில் பலருக்குத் தெரிந்ததுதான். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலமாகவும் சிவப்புப் பூவை ஒரு பொட்டலமாகவும் கட்டி அம்மன் பாதத்தில் வைத்து, குலுக்கி, ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் வடக்கே. சிவப்பு வந்தால் பெரியகுளம். பொட்டலம் கட்டும் வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். உள்ளாட்சித் தேர்தலில் சம ஓட்டு விழுந்தபோதெல்லாம் சீட்டுக் குலுக்கிப் போட்டவன் ஆயிற்றே, யார் சந்தேகப்படுவார்கள்?

இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூவையே வைத்தேன்.

எடுத்த பொட்டலத்தைத்தான் எல்லோரும் பிரித்துப் பார்ப்பார்கள். எடுக்காததை யாரும் பிரிப்பதில்லை. அந்த நடைமுறையில் இருந்த ஓட்டை எனக்குத் தெரியும். பவித்ரா கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். பிரித்தாள். நந்தியாவட்டை. அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. மற்றதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய் ஆற்றில் எறிந்தேன். எனக்குப் பக்தி இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அம்மன் சிவப்பைக் கொடுத்துவிடுவாளோ என்று உண்மையிலேயே பயந்தேன். நம்பாதவனாக இருந்திருந்தால் பொட்டலத்தை ஒழுங்காகவே கட்டியிருப்பேன்.

அவள் போனாள். முதல் மாதம் தினமும் போன் செய்தாள். பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள். குரல் மெலிந்துகொண்டே வந்தது. வகுப்பில் சொல்வது புரிகிறது, ஆனால் கேள்வி கேட்க வாய் வரவில்லை என்றாள். மற்றப் பிள்ளைகள் பெரிய பெரிய பள்ளிக்கூடங்களின் பெயரைச் சொல்லிக்கொள்ளும்போது தன் பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது என்றாள். சாப்பாடு இறங்கவில்லை என்றாள். ஒரு நாள் நேராகவே கேட்டாள்:

"அப்பா, நான் திரும்பி வந்துரவா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஆத்தா உத்தரவு குடுத்த எடத்த விட்டுட்டு வரலாமா தாயி?" என்றேன். நாக்கு கூசாமல் சொன்னேன்.

அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் போன் அணைந்தது. காலையில் அம்மாவுக்கு 'நல்லா இருக்கேன்' என்று ஒரு செய்தி. அதோடு சரி. திங்கட்கிழமை விடுதியிலிருந்து பேசினார்கள். உங்கள் மகள் ஊருக்குப் போவதாகப் புதன்கிழமையே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாளே, எப்போது திரும்புவாள் என்று கேட்டார்கள்.

புதன்கிழமை கிளம்பியவள் வீட்டுக்கு வரவில்லை. ஐந்து நாள்.

அவள் தோழிகள் ஒவ்வொருவருக்கும் போன் செய்தேன். எல்லோரும் தெரியாது என்றார்கள். மறுநாள் புகார். மனு ரசீது. ரயில்வே போலீசுக்குத் தகவல். வடக்கே இருக்கிற காவல் நிலையத்துக்கு மின்னஞ்சல். செய்ய வேண்டியவை அத்தனையும் முறைப்படி செய்தேன். ஒன்றும் நடக்கவில்லை. போன் அடித்தால் எடுக்கப் பயம். அடிக்காவிட்டால் அதைவிடப் பயம். என் மனைவி பூஜை மாடத்தின் முன்னால் உட்கார்ந்து, "ஆத்தா, நீ சொல்லித்தானே அனுப்புனோம்? நீதான் பொறுப்பு" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதைக் கேட்க என்னால் முடியவில்லை. அவள் கணக்குக் கேட்க வேண்டிய ஆள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

புதன்கிழமை மதியம் அவளையும் அழைத்துக்கொண்டு கோவிலுக்குப் போனேன். அன்றைக்கு அங்கே கூட்டம். தேவதானப்பட்டியிலிருந்து எங்கள் பங்காளி வகையறா ஒன்று வேன் பிடித்துப் பொங்கல் வைக்க வந்திருந்தது. எனக்கு அவர்கள் யாரையும் தெரியாது. பூசாரியை ஓரமாக அழைத்துக் காதோடு சொல்லிவிட்டு, அவர் சொல்கிற பரிகாரத்தைச் செய்துவிட்டு, யாருக்கும் தெரியாமல் வந்துவிடலாம் என்பது என் திட்டம்.

பூசாரிக்குக் காது மந்தம். அதை மறந்துவிட்டேன்.

"என்னங்கய்யா சொல்றீக?"

மறுபடி சொன்னேன்.

"சத்தமாச் சொல்லுங்க தாசில்தாரய்யா, கொட்டுச் சத்தத்துல ஒண்ணும் வெளங்கல."

எனக்குள் என்னவோ உடைந்தது. "ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளப் பூத்தான்யா வச்சேன்! செவப்பே வைக்கல! ஆத்தா பேரச் சொல்லிப் பிள்ளைய ஏமாத்திட்டேன்! இப்பப் பிள்ளையக் காணல!" என்று கத்தினேன். கொட்டு நின்றுவிட்டது. பொங்கல் பானை முன்னால் இருந்த பெண்கள் எழுந்து நின்றார்கள்.

"அடப் பாவி மனுசா! ஆத்தாளுக்கேவா?" என்றாள் ஒரு பெண்.

கூட்டத்தில் நின்ற உள்ளூர்ப் பெரியவர் ஒருவர், "அப்ப எலெக்சன்லயும் இப்படித்தான் குலுக்குனீகளா?" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை.

நான் விழுந்து கிடந்தேன். படிப்பையோ பெயரையோ கேட்கவில்லை. உயிரோடு கொடு என்று மட்டும் கேட்டேன். உன் மேல் நான் போட்ட பழியை நானே எடுத்துவிட்டேன், அவளைக் கொடு என்று கேட்டேன். எழுந்து பார்த்தபோது சரோஜா என்னை விட்டு நாலடி தள்ளிப் போய் நின்றிருந்தாள். பயத்தோடு இப்போது வெட்கமும் சேர்ந்துகொண்டது. வேண்டிக்கொண்டதும் மனம் லேசாகிவிட்டதாகப் பலர் சொல்வார்கள். எனக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் காலை பத்தரை மணிக்குப் புது எண்ணிலிருந்து சரோஜாவுக்குப் போன் வந்தது. அவள் பக்கத்திலேயே நின்றேன். அந்தக் குரல் எனக்கும் கேட்டது.

"அம்மா, கோயில்ல விழுந்து அழுதது அப்பாவா?"

சரோஜா சுவரைப் பிடித்துக்கொண்டாள். "ஆமாடி, அந்த மனுசந்தான். நீ எங்கனடி இருக்க?"

தேவதானப்பட்டியில் இருந்தாள். பள்ளிக்கூடத் தோழி ஷர்மிளாவின் வீட்டில். நான் போன் செய்தபோது தெரியாது என்று சாதித்தாளே, அந்த ஷர்மிளா. அவள் அம்மாவிடம் கல்லூரி லீவு என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த அம்மா தையல் கடை வைத்திருக்கிறார். வியாழக்கிழமை காலை பவித்ரா அங்கே உட்கார்ந்து ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தபோது, துணி வாங்க வந்த ஒரு பெண் கதை சொல்லியிருக்கிறாள்.

"யக்கா, நேத்துக் கோயில்ல நடந்த கூத்தக் கேளுங்க. உத்தமபாளையத்துல ரிட்டயர்டு தாசில்தார் ஒருத்தரு, மகளப் பெரிய காலேசுல சேக்கணும்னு ஆத்தாளுக்கே டிமிக்கி குடுத்திருக்காரு. ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளப் பூவாம்!"

"அந்தப் புள்ள என்னாச்சு?"

"அதக் காணலயாம். மனுசன் அங்கனயே விழுந்து கெடந்து அழுதாரு. பாக்க முடியல."

பவித்ரா ஊசியைக் கீழே வைத்துவிட்டு ஷர்மிளாவின் அம்மாவிடம் போனைக் கேட்டிருக்கிறாள்.

கார் பிடித்துப் போனோம். தையல் கடை வாசலில் நின்றாள். பாதியாக இளைத்திருந்தாள். என்னைப் பார்த்து முதலில் கேட்டது இதுதான்:

"செவப்பே இல்லையாப்பா?"

"இல்லத்தா."

"அப்ப ஆத்தா என்னயப் போகச் சொல்லல."

"சொல்லல."

"அது தெரியாம எத்தன நாளு ஆத்தாட்ட கோவிச்சுக்கிட்டுக் கெடந்தேன்." பிறகு, "உங்க மேலயும் கோவந்தாம்ப்பா. அது போக நாளாகும்" என்றாள்.

"ஆகட்டும் தாயி" என்றேன்.

ஆத்தாள் அனுப்பிய இடத்தை விட்டு வந்தவளுக்கு வீட்டில் இடமில்லை என்று நினைத்திருக்கிறாள். நான் சொன்ன ஒரே ஒரு வார்த்தை அவளுக்குக் கதவை அடைத்துவிட்டது. லீவு எப்போது முடியும் என்று ஷர்மிளாவின் அம்மா கேட்க ஆரம்பித்ததால், அந்த வியாழக்கிழமை மதியம் அங்கிருந்தும் கிளம்புவதாக இருந்தாளாம். பையைக் கட்டி வைத்திருந்தாள். எங்கே போவதாக இருந்தாய் என்று சரோஜா கேட்டாள். அவள் பையைத் தூக்கிக் காரில் வைத்தாள். நாங்கள் இன்றுவரை மறுபடி கேட்கவில்லை. ஒரு நாள் தாமதித்திருந்தால் என்கிற நினைப்பு வந்தால் இன்றும் எனக்கு வேர்க்கிறது.

பூசாரியின் காதை மந்தமாக்கியதும், அந்தக் குடும்பத்தை அதே நாளில் பொங்கல் வைக்க வரச் செய்ததும் யார்? ரகசியமாகச் சொல்லி முடித்திருந்தால் என் பாவம் ஒருவேளை தீர்ந்திருக்கும். என் பிள்ளை திரும்பியிருக்க மாட்டாள். நான் தற்செயல் என்று எழுதிக் கோப்பை மூடுகிற ஆள். இந்தக் கோப்பை அப்படி மூட முடியவில்லை.

எல்லாம் சுபமாக முடிந்தது என்று எழுத மாட்டேன். விட்ட இடம் விட்டதுதான். அடுத்த வருஷம் விண்ணப்பித்தபோது பெரியகுளம் கிடைக்கவில்லை. உத்தமபாளையத்திலேயே தாவரவியல் சேர்ந்தாள். டவுன் பஸ்ஸில் போய் வருகிறாள். "வடக்க படிச்ச பிள்ள இங்கனயா வந்து சேந்துச்சு?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லக் கற்றுக்கொண்டேன். பெரியகுளத்தை நான் கெடுத்தேன் என்பதை அவள் ஒரு முறைகூடச் சொல்லிக்காட்டியதில்லை. அது எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியும்.

பெயர் பெற்ற இடத்தால் பயனே இல்லை என்று சொன்னால் அதுவும் பொய். பெயர் சில கதவுகளைத் திறக்கும்; நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அதற்குள் போய் உட்காரப் போவது பிள்ளை. தகப்பனுடைய பழைய அவமானம் அல்ல.

இப்போது அவள் மூன்றாம் வருஷம். போன மாதம் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்: "அப்பா, எம்.எஸ்ஸி.க்கு வடக்க அந்த யுனிவர்சிட்டிக்கே போடலாம்னு பாக்குறேன்."

எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தேன். "ஏந்தா?"

"அங்கன நல்ல லேப் இருக்கு. இந்தத் தடவ நானாப் போறேன்."

மறுநாள் கோவிலுக்குப் போனேன். ஐப்பசி மாதத்துப் பயம் அப்படியே திரும்பி வந்திருந்தது. போக வேண்டாம் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. அவளோடு இரு என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

பிள்ளைகளை நினைத்துப் பயந்து கிடக்கிற அன்பர்களே, அம்மனிடம் போங்கள். அவள் கேட்கிறாள். என்னைப் போன்றவனுக்கே கேட்டாள். பாரத்தை அவள் பாதத்தில் வையுங்கள். வைத்த பிறகு கையை எடுத்துவிடுங்கள். எனக்கு அதுதான் இன்னும் பழகவில்லை.

பவித்ரா விண்ணப்பத்தை அவளே நிரப்பி அனுப்பிவிட்டாள். என்னிடம் ஒரு நகல்கூடக் காட்டவில்லை. நாச்சியம்மனுக்கு நன்றி.