கவரில் இல்லாத வேர்க்கடலை

நடந்ததை வரிசையாகவே சொல்கிறேன்.

1. அஸ்தினாபுரத்தில் அம்மாவும் நானும் வீட்டிலேயே இட்லிப் பொடி அரைத்து விற்கிறோம். சாதாரண கவரில் தந்த நாட்களில், மாடி வீட்டு நித்யா அக்கா ஒவ்வொரு முறையும், "இதுல என்னல்லாம் போட்டீங்க?" என்று கேட்டுத்தான் வாங்குவார். சும்மா பேச்சுக்குக் கேட்கிறார் என்று நினைத்திருந்தேன்.
2. எங்கள் பெயரும் பொருட்களின் பட்டியலும் போட்டு, பளபளப்பான கவர்களை மொத்தமாக அச்சடித்தேன். அக்கா கேட்பதை நிறுத்திவிட்டார்.
3. ருசிக்காக அம்மா வேர்க்கடலை சேர்க்க ஆரம்பித்தார். பட்டியலில் அது இல்லை. "இவ்ளோ கவரையும் தூக்கியாடி போடுவ?" என்றார் அம்மா. அதிலேயே அடைத்தேன்.
4. அந்தப் பொடியோடு இட்லி சாப்பிட்ட அக்காவின் மகளுக்கு உதடு வீங்கி மூச்சுத் திணறியது. ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு ஓடினோம்.

ஊசி போட்டதும் குழந்தை தேறினாள். "இவளுக்கு வேர்க்கடலை ஆகாதுன்னுதான் எப்பவும் கேப்பேன். கவர்லயே போட்டிருக்கே, அப்புறம் எதுக்கு உன்னைத் தொந்தரவு பண்ணணும்னு விட்டுட்டேன் ப்ரியா," என்றார் அக்கா. திட்டியிருந்தால்கூடத் தேவலை. மறைமலை நகர் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைதான் என் வேலை. அங்கே லேபிள் மாறியிருந்தால் ஒரு பெட்டியைக்கூட வெளியே விடமாட்டேன்.

அந்தக் கவர்களை வெட்டிப் போட்டுவிட்டேன். பக்குவம் அடிக்கடி மாறும் எங்களைப் போன்றவர்களுக்குக் கவரில் பெயர் மட்டும் அச்சடித்தால் போதும். பொருட்களின் பட்டியலை ஒவ்வொரு முறை அரைத்த பிறகும் புதிதாக ஸ்டிக்கரில் எழுதி ஒட்டுகிறேன். வாங்குபவர் கேட்காவிட்டாலும் வாயாலும் சொல்கிறேன்.

குழந்தை நலமாகப் பள்ளிக்குப் போகிறாள். நித்யா அக்கா எங்களிடம் பொடி வாங்குவதில்லை.