தோட்டைக் கழட்டிட்டு ஆடின ஆட்டம்

ஆட்டம் தொடங்குறதுக்கு முந்தி நடுவரம்மா எங்களை வரிசையா நிக்க வச்சு முதல்ல நகத்தைப் பார்ப்பாங்க, அப்புறம் காதைப் பார்ப்பாங்க. கூடைப்பந்துல மேல மேல வந்து இடிப்பாளுங்க, அதனால வளையல், தோடு, மூக்குத்தி ஒண்ணும் உடம்புல இருக்கக் கூடாது. மத்தவளுங்க தோடு ஒரு திருகுல கழண்டு வந்துரும். என்னோடது வராது. எங்கம்மா திருகாணி விழுந்துறக் கூடாதுன்னு நூலைச் சுத்தி முறுக்கி விட்டிருப்பா. நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு அதைக் கழட்டுறதுக்குள்ள எதிர் டீம்காரிங்க பந்து போட்டுப் பழகியே முடிச்சிருப்பாளுங்க. எனக்குக் கோவம் கோவமா வரும். இந்தக் காதை யாரு குத்தச் சொன்னதுன்னு நெனச்சுக்குவேன்.

யாரு சொன்னதுன்னு எனக்குத் தெரியாமலா இருந்துச்சு? எங்கப்பாதான். எங்க லயத்துல, அந்த வரிசை வீடுங்க பூராவுலயும், அந்தக் கதை தெரியாத ஆளே கிடையாது. அப்பா தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுறவரு, அம்மா கொழுந்து எடுக்கிறவ, எங்க தோட்டத்துக்கு இலங்கை மலைநாட்டுல வட்டகொடை ஸ்டேஷன்ல இறங்கி ஏறிப் போகணும். எனக்கு முந்திப் பொறந்த ரெண்டு புள்ளையும் தங்கல. நான் பொறந்ததும் அப்பா, இது பொழச்சா இந்தியாவுல துறையூர்ப் பக்கம் இருக்கிற எங்க குலசாமி கோயிலுக்கே கொண்டு போய் முடி இறக்கி, காது குத்துறேன்னு நேந்துக்கிட்டாரு. எனக்கு நாலு வயசு முடியிற நேரத்துல தலைமன்னாருக்கு ரயில், அங்கிருந்து கப்பல்னு கூட்டிக்கிட்டுப் போனாரு. எனக்கு ஞாபகம் இருக்கிறது வெயிலும், காதுல தடவின மஞ்ச எரிச்சலும்தான். நேத்திக்கடன் நல்லாவே நடந்துச்சு. திரும்பி வரலாம்னா உலக யுத்தம். கப்பல் ஏறப் பாஸ் குடுக்கல. சித்தப்பா வீட்டுல ஒரு வருஷத்துக்கு மேல முடங்கிக் கிடந்துட்டுத்தான் வந்து சேந்தோம்.

அந்தக் காதோட நான் நெட்டையா வளந்தேன். லயத்துப் புள்ளைங்க என்னைச் சவுக்கு மரம்னுதான் கூப்பிடுங்க. அட்டன்ல கன்னியாஸ்திரிங்க நடத்துற பள்ளிக்கூடத்துல எனக்கு இடம் கிடைச்சதும், அங்கிருந்த சிஸ்டர் ஒருத்தவங்க என் கணக்கு மார்க்கைப் பார்க்கல, உயரத்தைப் பார்த்தாங்க. பந்தைக் கையில குடுத்தாங்க. அது கையை விட்டுப் போயி வளையத்துக்குள்ள விழுற சத்தம் இருக்கே, அதைக் கேட்டதுலேருந்து எனக்கு வேற ஒண்ணும் வேண்டியிருக்கல.

அம்மா ஒரு தடவை ஆட்டம் பார்க்க வந்தா. மகள் முட்டி தெரிய ஒரு பாவாடையில, வெறுங்காதோட, ஊரு பார்க்க நிக்கிறா. அம்மாவுக்குத் தாங்கல. தலையில போட்டிருந்த கம்பளியை உருவிக்கிட்டு நேரா ஆட்டத்துக்கு நடுவுல வந்து எம்மேல போத்திட்டா. சிஸ்டர் விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்திட்டு ஓடி வந்தாங்க. அம்மா சமாளிச்சுக்கிட்டு, "புள்ள குளிர்ல வெடவெடன்னு நடுங்குது பாருங்க சிஸ்டர்"னா. எனக்கு வேர்த்துக் கொட்டிக்கிட்டு இருந்துச்சு. எல்லாரும் சிரிச்சாங்க, நான் அழுதேன். அப்புறம் அவ ஓரமா உக்காந்து கடைசி வரைக்கும் பார்த்துட்டு, ராத்திரி என் முட்டிக்கு எண்ணெய் தேச்சு விட்டா.

அந்த வருஷங்கள்லதான் பிரஜாவுரிமை விசாரணை. சுதந்திரம் வந்த கையோட எங்க ஆளுங்களுக்கு ஓட்டு போயிருச்சு, இந்த நாட்டுக்காரங்கதான்னு எழுதிக் குடுத்து, விசாரிச்சாத்தான் உரிமைன்னு ஆச்சு. அப்பாவைக் கூப்பிட்டப்ப என்னையும் கூட்டிக்கிட்டு நுவரெலியா போனாரு. மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு அதிகாரி, பக்கத்துல தமிழ்ல கேட்டுச் சொல்றதுக்கு ஒருத்தரு. எந்தத் தோட்டம், எத்தனை வருஷமா வேலைன்னு கேட்டுட்டு, "இந்தியாவுக்குப் போயிருக்கியா?"ன்னாரு.

அப்பா நிமிந்து நின்னாரு. சாமிக்கு நேந்ததைச் செய்யாத மனுஷனை எந்த நாட்டுல நம்புவாங்கன்னு அவருக்கு எண்ணம். "போகாம இருப்பேனுங்களா? ஒரு வருஷத்துக்கு மேலயே தங்கி, குலசாமிக்குச் செய்ய வேண்டியதை எல்லாம் ஒரு குறையில்லாம செஞ்சுட்டுத்தாங்க திரும்புனேன்"னாரு. யுத்தத்துல மாட்டிக்கிட்டதைப் பத்தி மூச்சு விடல. அது கௌரவக் குறைச்சல்னு நெனச்சிருப்பாரு. அதோட விட்டாரா? என்னை முன்னால இழுத்து, ரெட்டைச் சடையைத் தூக்கி, ரெண்டு காதையும் அந்த அதிகாரிக்குக் காட்டினாரு. "இந்தா பாருங்க, அங்க குத்துனதுதான்."

அதிகாரி சிரிச்சுக்கிட்டே எழுதிக்கிட்டாரு. வெளியே வந்ததும் அப்பா எனக்குத் திங்க ஒரு பணிஸ் வாங்கிக் குடுத்து, "நல்ல மனுஷன் தாயி, மொகம் மலந்து சிரிச்சாரு பாத்தியா"ன்னாரு. பிறகு, உரிமை இல்லைன்னு பதில் வந்துச்சு. எங்க லயத்துல முக்காவாசிப் பேருக்கு அப்படித்தான் வந்துச்சு. அதனால ஏன் எதுக்குன்னு யாரும் கேக்கல, நாங்களும் கேக்கல.

படிப்பு முடிஞ்சதும் கொழும்புல ஒரு தேயிலை ஏத்துமதிக் கம்பெனியில என்னை எடுத்துக்கிட்டாங்க. பேருதான் கிளார்க்கு. அங்க இருந்த பெரிய தொரைக்குக் கூடைப்பந்துன்னா பைத்தியம், கம்பெனிகளுக்குள்ள நடக்குற போட்டியில ஜெயிக்கணும். மத்தியானம் வரைக்கும் ஃபைல் அடுக்குவேன், அப்புறம் மைதானம். பந்து போடுறதுக்கா சம்பளம் குடுக்குறாங்கன்னு அப்பா நம்பவே மாட்டேன்னுட்டாரு. கேப்டன் ஒரு சிங்களப் பொண்ணு, என்னை நங்கி, அதான் தங்கச்சின்னுதான் கூப்பிடுவா. "பந்து உங்கிட்ட வந்துருச்சுன்னா நான் திரும்பிப் பார்க்கவே மாட்டேன் நங்கி, அது விழுந்துரும்"னு சொல்லுவா. உண்மைதான். பெருமைக்குச் சொல்லல, வளையத்துக்குக் கீழ என்னை மாதிரி ஒருத்தி அப்ப கொழும்புல இல்ல.

அப்படி ஆடித்தான் இலங்கை டீமுக்குத் தேர்வானேன். மதராஸ்ல ஆட்டம், திருச்சியிலயும் ஒரு ஆட்டம்னாங்க. நான் தீபாவளிக்கு வீட்டுக்குப் போயிருந்தப்ப, அப்பா லயம் பூரா சொல்லி முடிச்சிருந்தாரு. ஒரு மஞ்சத் துணியில காணிக்கையை முடிஞ்சு எங்கிட்ட குடுத்து, "திருச்சி வரைக்கும் போறே, அங்கிருந்து கோயில் பக்கம்தான். இதைப் போட்டுட்டு, அன்னைக்கு காது குத்துன புள்ள நான்தான்னு சாமிகிட்ட சொல்லு"ன்னாரு. சொல்லும்போதே கண்ணு கலங்கிருச்சு.

அப்புறம் பாஸ்போர்ட்டு. கம்பெனியில அதைப் பார்க்கிறவரு என்னைக் கூப்பிட்டு உக்காரச் சொன்னாரு. "உங்களுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை இல்லையே"ன்னாரு.

"அப்ப நான் இந்தியாக்காரியா?"

"அங்கயும் பதிவு இல்லையே."

எதுனாலன்னு கேட்டேன். அவரு விசாரிச்சு வச்சிருந்தாரு. "உங்க அப்பா ஒரு வருஷத்துக்கு மேல நாட்டை விட்டுப் போயிருந்திருக்காரு. அவரே சொல்லியிருக்காரு. அப்படிப் போனவங்களுக்கும் அவங்க புள்ளைங்களுக்கும் உரிமை கிடையாதுன்னு சட்டம்"னாரு. என் கை தானா காதுக்குப் போச்சு.

என் இடத்துக்கு இன்னொருத்தியைப் போட்டாங்க. கேப்டன் எங்கிட்ட வந்து அழுதா. கோட்டை ஸ்டேஷனுக்கு வழியனுப்ப வான்னா, நான் போகல. என்னால முடியல. அவங்க ரயில் ஏறுற நேரத்துல ஆளில்லாத மைதானத்துல தோள்பட்டை விட்டுப் போற வரைக்கும் பந்து போட்டேன். போட்டதெல்லாம் விழுந்துச்சு. அதுதான் இன்னும் ஆத்திரமா இருந்துச்சு.

மறுநாள் ஊருக்கு ரயில் ஏறினேன். அப்பாவை என்ன கேக்கணும்னு வழி நெடுகச் சேத்து வச்சேன். உங்க வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கக் கூடாதா? மாட்டிக்கிட்டோம்னு உண்மையைச் சொன்னா என்ன குறைஞ்சு போயிருக்கும்? அட்டன் தாண்டும்போது உதடு அசையிற அளவுக்கு அதைச் சொல்லிப் பார்த்துக்கிட்டே வந்தேன்.

வட்டகொடையில மழை. அப்பா கொடையோட நின்னாரு, கவ்வாத்து வேலையிலேருந்து நேரா வந்திருக்காரு, கையெல்லாம் கீறல். வர்றேன்னு மட்டும்தான் தந்தி குடுத்திருந்தேன், ஏன்னு சொல்லல. "ஏன் தாயி, இந்நேரம் நீ கப்பல்ல இருக்கணுமே"ன்னாரு.

சேத்து வச்ச ஒண்ணும் வாயில வரல. "கை சரியில்லப்பா. கடைசியில பந்தே விழல. வேற புள்ளையைச் சேத்துக்கிட்டாங்க"ன்னேன். என் வாயால நான் சொன்னதுலயே பெரிய பொய் அதுதான்.

அவரு என் பையை வாங்கிக்கிட்டாரு. பாதி ஏத்தம் ஏறின பிறகு, "எல்லாப் பந்தும் விழுந்துருமா என்ன"ன்னாரு. நான் மஞ்சத் துணி முடிச்சை எடுத்து நீட்டினேன். அதை வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டு மடியில சொருகினாரு. "சாமிக்கு என்னமோ குறை இருக்கு. அன்னைக்கு அவ்வளவு நாள் தங்கியும் ஏதோ விட்டுப் போயிருக்கு. அடுத்த வருஷம் நாம எல்லாருமே போவோம். இன்னும் கொஞ்ச நாள் கூடத் தங்கிச் செஞ்சுட்டு வருவோம், உன் கை சரியாப் போயிரும்"னாரு.

"சரிப்பா"ன்னேன்.

கொடையை எம்பக்கம் சாய்ச்சவரு என் மொகத்தை அப்பதான் பார்த்தாரு. மைதானத்துல கழட்டின தோட்டை நான் திரும்பப் போடவே இல்ல. "வெறுங்காதா இருக்காத தாயி, போட்டுக்க. எவ்வளவு கஷ்டப்பட்டுக் குத்துன காது."