பெண்கள் வகுப்பில் மட்டும் பழுதான போர்டு

1. பூட்டிய நாள்

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஒலிபெருக்கி கட்டுவதும் வீட்டு வயரிங்கும்தான் என் தொழில். கல்முனையில் வெளிநாட்டு மொழிகள் படிப்பிக்கும் ஒரு நிலையத்துக்கு வயரிங் செய்யப் போனவன், அங்கேயே மின்விசிறி, ஜெனரேட்டர், கதவுப் பூட்டு எல்லாம் பார்க்கும் ஆளாக நின்றுவிட்டேன். ஸ்மார்ட் போர்டு என் கைக்கு வந்தது அப்படித்தான். இந்த வேலைக்குப் புதிதாக வரும் தம்பிமார் சிலர் கேட்டதால் இதை எழுதுகிறேன். நாலு பேருக்கு முன்னால் கதைக்கச் சொன்னால் எனக்கு நாக்கு எழும்பாது. எழுதுவது பரவாயில்லை.

கம்பனிக்காரர் இரண்டு பேர் கொழும்பிலிருந்து வந்து போர்டைச் சுவரில் பூட்டினார்கள். நான் ஏணி பிடித்தேன். ஒரு வெள்ளைப் பலகை, அதைச் சுற்றி அலுமினியப் பிரேம், மேலே புரொஜெக்டர், கம்ப்யூட்டருக்குப் போகும் ஒரு யூஎஸ்பி வயர். அவ்வளவுதான். கடைசியில் கலிபிரேஷன், அதாவது தொடும் இடத்தைப் போர்டுக்குப் பழக்குவது, செய்ய வேண்டும். போர்டில் ஒவ்வொரு புள்ளியாக வரும். வரவர விரலால் தொட வேண்டும். என்னைத் தொடச் சொன்னார்கள். தொட்டு முடித்து விரலை இழுத்தேன். விரலுக்குப் பின்னாலேயே நீலக் கோடு ஓடி வந்தது. சோக்கு இல்லை, மை இல்லை. அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம் அதைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தேன்.

காலையில் ஆண்களுக்குக் கொரிய மொழி. பின்னேரம் பெண்களுக்கு ஜெர்மன். ரிஹானா டீச்சர் படிப்பித்தார். பதினொரு பேர். கணவன்மார் ஜெர்மனியில் இருக்கிறார்கள். ஏ ஒன் என்ற முதற்படி ஜெர்மன் பரீட்சை பாஸ் பண்ணினால்தான் மனைவிக்கு விசா. போர்டில் ஒரு கடை வரும். பாண் ரொட்டி, பால், முட்டை எல்லாம் படமாக இருக்கும். ஜெர்மன்காரி ஒருத்தியின் குரல் என்ன வேண்டும் என்று கேட்கும். சரியான பதில் அட்டையை விரலால் இழுத்துக் கொண்டுபோய் வைத்து, வாயாலும் சொல்ல வேண்டும். வாசலுக்கு வெளியே மின்விசிறி ரெகுலேட்டர் மாற்றிக்கொண்டு நின்ற நானே மூன்று சொல் பாடமாக்கிவிட்டேன்.

2. நாலு தரம் பார்த்தும் பிடிபடவில்லை

மூன்றாம் நாள் டீச்சர் என்னைத் தேடி வந்தார். போர்டு சொன்னபடி கேட்கவில்லையாம். பாணை இழுத்தால் முட்டை ஓடுகிறதாம். எழுதினால் எழுத்துக்கு மேலே குறுக்கும் மறுக்குமாகக் கோடு விழுகிறதாம். வகுப்பு முடியட்டும், பார்க்கிறேன் என்றேன். பெண்கள் இருக்கும் அறைக்குள் ஆண் ஒருவன் போய் நின்று பழுது பார்ப்பது எங்கள் பக்கத்து வழமை இல்லை. டீச்சரும் அதைத்தான் விரும்பினார். எல்லாரும் போன பிறகு உள்ளே போய்க் கலிபிரேஷன் செய்தேன். கோடு நேராக வந்தது. பாண் இழுத்த பக்கம் போனது. ஒரு குறையும் இல்லை.

அடுத்த நாள் பின்னேரம் அதே பிழை. வகுப்பு முடிந்து நான் பார்த்தால் போர்டு நல்ல பிள்ளை. வயரை மாற்றினேன். பிரேமில் தூசி துடைத்தேன். புரொஜெக்டர் ஆணியை இறுக்கினேன். நாலு தரம் பார்த்தாயிற்று.

"காக்கா, ஒங்கட போர்டு பாண்டிருப்புப் புள்ளைக்கு மட்டும் ஒழுங்கா வேல செய்யுது" என்றார் டீச்சர். எங்கள் ஆட்கள் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். "மத்தவளுகள் கேக்காளுகள், போர்டு ஆள் பாத்தா வேல செய்யுது எண்டு."

பாண்டிருப்பிலிருந்து வந்த அந்தப் பிள்ளை வகுப்பில் ஒரேயொரு தமிழ்ப் பிள்ளை. மற்ற பத்துப் பேரும் எங்கள் ஆட்கள், முஸ்லிம்கள். நான் சிரிக்கவில்லை. அதைக் கேட்டதும் எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. இப்போது நினைத்தாலும் வெட்கம்தான்.

நிலையத்தை நடத்துபவர் நிசாம் சேர். கம்பனிக்குப் போன் எடுத்தார். அவர்கள் போர்டில் பிழை இருக்காது, பாவிக்கிறவர்களுக்குப் பழக்கம் போதாது என்று சொல்லிவிட்டார்கள்.

"காலமைப் பொடியன்மாருக்கு ஒரு கரைச்சலுமில்ல" என்றார் சேர். "அப்ப பிழை எங்க எண்டு விளங்குதுதானே? சனிக்கிழமை பத்து மணிக்கு வேன் வரும். போர்டு, கம்ப்யூட்டர், ஸ்பீக்கர் எல்லாத்தையும் கழட்டி வைங்க காக்கா. அக்கரைப்பற்றுக் கிளைக்கு அனுப்புவம். அங்க ஆம்பிளைகள்ற வகுப்புத்தான்."

அன்று நான் வெளியே வரும்போது பர்ஸானா என்ற பிள்ளை படிக்கட்டடியில் நின்றது. கணவன் போய் நாலு வருடம். மகளுக்கு வாப்பா என்றால் போனில் தெரியும் முகம். பர்ஸானா போட்டோகொப்பி நோட்ஸை முழுதாகப் பாடமாக்கிக்கொண்டு போய் ஒரு தரம் பெயிலானவர். அடுத்த பரீட்சைக்கு மூன்று கிழமை, இருபத்தொரு நாள்தான் இருந்தது.

"காக்கா, நோட்ஸெல்லாம் எனக்குப் பாடம்" என்றார். "ஆனா அவங்க கதைக்கக்குள்ள ஒண்டும் விளங்குதில்ல. இந்தப் போர்டில அந்தக் கடைக்காரி கேக்கக் கேக்கத்தான் காது திறக்குது. இத எடுத்தா நான் இந்த முறையும் பெயில்தான்."

நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு ஓம் ஓம் என்று தலையாட்டினேன்.

3. வெள்ளிக்கிழமை

வெள்ளியில் வகுப்பு இல்லை. ஜும்ஆத் தொழுகை முடிந்து, உடுத்திருந்த ஜுப்பாவோடேயே ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு நிலையத்துக்குப் போனேன். கழற்றுவதற்கு முதல் ஒருதரம் போட்டுப் பார்ப்போம், பிறகு நான்தான் உடைத்தேன் என்று பேர் வரக்கூடாது என்று நினைத்து சுவிட்சைப் போட்டேன். கடைப் படம் வந்தது. கையை உயர்த்திப் பாணைத் தொட்டேன்.

முட்டை ஓடியது.

திரும்பத் தொட்டேன். என் முழங்கைப் பக்கம் ஒரு கோடு விழுந்தது. இத்தனை நாளாக என் கண்ணுக்குக் காட்டாத பழுது இப்போது எனக்கு முன்னால் நிற்கிறது. என்ன மாற்றம்? அதே ஆள், அதே விரல். ஜுப்பாக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டுத் தொட்டேன். பாண் ஒழுங்காக வந்தது. கையை இறக்கிவிட்டேன். முட்டை ஓடியது. முகம் துடைக்கப் பையில் வைத்திருந்த லேஞ்சியை எடுத்துப் பலகையில் படாமல், ஒரு நூல் இடைவெளி விட்டுப் பிடித்தேன். லேஞ்சி எழுதியது. கதவுப் பூட்டின் திறப்பை நீட்டினேன், அதுவும் எழுதியது. தொப்பியைக் கழற்றிப் பிடித்தேன், தொப்பியும் எழுதியது. ஆளில்லாத அறையில் அல்ஹம்துலில்லாஹ் என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

அந்தப் போர்டுக்கு விரல் எது, துணி எது என்று தெரியாது. பிரேமின் ஓரத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் பலகைக்கு மேலாகக் குறுக்கே ஓடுகிறது. எது அதை மறித்தாலும் அதற்கு அது விரல்தான். எங்கள் பெண்கள் உடுப்புக்கு மேலே போடும் அபாயாவின் அகலமான கை, கையை உயர்த்தினால் தொங்கும். விரல் போய்ச் சேர முதல் துணி எழுதிவிடும். பாண்டிருப்புப் பிள்ளை உடுத்தி வந்தது கை குட்டையான சுரிதார். காலைப் பொடியன்மாருக்கு டீசேர்ட். நாலு தரம் சோதித்த எனக்கோ அரைக்கைச் சட்டை!

அங்கிருந்து சேரின் வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன். போன பிறகுதான் யோசனை வந்தது. பெண் பிள்ளைகளின் சட்டைக் கையைப் பற்றி எப்படி வாய் திறந்து சொல்வது? சேர் கேற்றடிக்கு வந்தார். நான் என் ஜுப்பாக் கையைப் பிடித்து ஆட்டிக் காட்டினேன்.

"என்ன காக்கா, கை நோகுதா?"

"இல்ல சேர். போர்டும் பழுதில்ல, புள்ளைகளும் பழுதில்ல. இதுதான்." திரும்பவும் ஆட்டிக் காட்டினேன்.

சேருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் நெற்றியில் கை வைத்தார். "அப்ப கைய மடிச்சிட்டு எழுதச் சொல்லேலுமா? அதுகள் மாட்டாதுகளே."

"வேணாம் சேர். நான் கைய நீட்டித் தாறன்."

"நாளைக்குச் சனி, பொம்பிளைகள்ற வகுப்பு காலமை ஒம்பதுக்கு. வேன் பத்துக்கு. எனக்குக் கண்ணால காட்டுங்க."

அந்தப் பின்னேரமே பழைய கர்ட்டன் தடியில் முழ நீளத்துக்கு இரண்டு கம்பு வெட்டி, அரத்தாள் போட்டுத் தேய்த்து, பலகையில் கீறல் விழாதபடி நுனியில் சைக்கிள் டியூப் சுற்றினேன்.

4. ஒன்பது மணி வகுப்பு

முதல் தடவையாக வகுப்பு நடக்கும்போது உள்ளே நின்றேன். கதவோரமாகத்தான் நின்றேன். சேர் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார். டீச்சர் பர்ஸானாவைக் கூப்பிட்டார். கம்பைப் பார்த்ததும் பின்வரிசையில் ஒருத்தி, "அடிக்கப் போறாங்க போல, கவனம் புள்ள" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

பர்ஸானா ஒரு முழம் தள்ளி நின்று கம்பால் பாணைத் தொட்டார். பாண் வந்தது. பாலைத் தொட்டார். பால் வந்தது. கோடு ஒன்றும் விழவில்லை. கடைக்காரியின் குரல் என்ன வேண்டும் என்று கேட்டது. பர்ஸானா அட்டையை இழுத்து வைத்துப் பதில் சொன்னார். அடுத்த கேள்வி. அதற்கும் சொன்னார். மூன்றாவது கேள்விக்கு அவருடைய கம்பு அசையவேயில்லை. அட்டைகள் போர்டில் வரும் முன்பே வாயால் பதில் சொல்லிவிட்டார். டீச்சர் மேசையில் தட்டினார். பிறகு அட்டையை இழுத்து வைத்ததும் போர்டும் டிங் என்று அடித்தது.

சேர் போனை எடுத்து வேன்காரருக்குச் சொன்னார்: "இண்டைக்கு வேணாம் தம்பி. இந்தப் புள்ளைகள்ற பரீட்சை முடியட்டும், மறுகா பாப்பம்."

மூன்று கிழமையும் அந்தக் கம்புகள் கை மாறிக்கொண்டே இருந்தன. பதினொரு பேரில் ஒன்பது பேர் பாஸ். பர்ஸானாவும் பாஸ். மகளையும் கையில் பிடித்துக்கொண்டு வந்து சொல்லிவிட்டுப் போனார். போர்டு இன்னும் கல்முனையில்தான் இருக்கிறது.

தம்பிமார், போர்டைப் பூட்டி முடித்ததும் நீங்களே தொட்டுப் பார்த்துவிட்டு ஸ்க்ரூ டிரைவரைப் பைக்குள் வைக்காதீர்கள். அதை நாளும் பாவிக்கப் போகிறவரைக் கூப்பிடுங்கள். அவர் வழக்கமாக உடுத்தும் உடுப்போடு வந்து எழுதட்டும். எழுதி முடியும்வரை நீங்களும் அங்கேயே நில்லுங்கள். கூச்சமாக இருந்தால் நிலத்தைப் பார்த்துக்கொண்டாவது நில்லுங்கள். நான் இன்றைக்கும் அப்படித்தான் நிற்கிறேன்.