ஓடைக்கு விட்ட கிணற்றுத் தண்ணீர்

இன்று குடியிருப்பின் தண்ணீர்த் தொட்டியைக் கழுவியவர்கள் தூவிய பிளீச்சிங் பவுடரின் நெடி, உத்தமபாளையத்துக்கு மேற்கே, இப்போது சாக்கடையாகிவிட்ட எங்கள் ஓடைக்கு என்னை இழுத்துப்போனது. நான் அத்தா என்றழைக்கும் என் அப்பாவும் பக்கத்துத் தோட்டத்துப் பாண்டியம்மாள் அக்காவும் கோடைதோறும் குப்பை அள்ளி, கரையில் நாணல் நட்டு, தண்ணீரைச் சுத்தமாக்கும் முல்லையாற்றுச் சிப்பிகளைக் கொண்டுவந்து விட்டு, அயிரை மீன்கள் தாமாகவே திரும்பி வரும்வரை காத்திருந்து மீட்ட ஓடை அது.

ஒருநாள் பள்ளிவிட்டு வந்தபோது மீன்கள் வெள்ளை வயிறு காட்டி மிதந்தன.

“மேக்க மீன் பிடிக்க வந்தவுக பவுடரக் கொட்டிட்டாக அண்ணே,” என்று அக்கா அழுதார்.

“மூடியிருக்க சிப்பிக்கு இன்னும் உசுரு இருக்கு, செத்தாத்தான் வாயப் பொளக்கும்,” என்ற அத்தா, கிணற்று மோட்டாரைப் போட்டுத் தண்ணீரை ஓடைக்குத் திருப்பினார்.

“அத்தா, நம்ம திராட்சைத் தோட்டத்துக்குத் தண்ணி?”

“கொடி தாங்கும் ஆத்தா. இது தாங்காது,” என்றார் என்னிடம்.

கிணறு வற்றும்வரை தண்ணீர் பாய்ந்தது. அக்கா செத்த அயிரைகளை முந்தானையில் அள்ளி அள்ளிக் கரையில் கொட்டிக்கொண்டிருந்தார். பொழுது சாய்கையில் சிப்பிகள் ஒவ்வொன்றாக வாய் பிளந்தன. அத்தா ஒன்றை எடுத்து விரல்களால் மூடினார். விட்டதும் அது திறந்துகொண்டது. மறுபடியும் மூடினார்.