குடைக்காரன் விழுந்த பக்கம்

கட்டம் போட்ட அந்தப் பயிற்சிப் புத்தகத்தின் நடுப்பக்கம் எனக்கு இன்னும் மனப்பாடம். மலேசியாவில், கிள்ளானில் ஆறாம் ஆண்டு படித்தபோது, நானும் பெரியப்பா மகனும் ஆளுக்கொரு பக்கமாக மாறி மாறி வரைந்த படக்கதை அது. என்னைவிட ஒன்பது மாதம்தான் மூத்தவன். ஆனாலும் தங்கையான நான் அண்ணன் என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். பொறாமை அங்கேயே தொடங்கியிருக்க வேண்டும்.

என் நாயகன் இடிக்கையன். ஓடும் ரயிலை ஒற்றைக் கையால் நிறுத்துவான். அண்ணனுடைய ஆள் குடைக்காரன். பழைய கறுப்புக் குடையை விரித்தால் எந்த அடியும் உள்ளே வராது, அவ்வளவுதான் சக்தி. இருவரையும் மோதவிட்டபோது ஒரு விதி வைத்துக்கொண்டோம்: அவரவர் ஆளை விழவைக்கும் உரிமை அவரவருக்கு மட்டுமே. அதனால் இருபது பக்கம் அடித்துக்கொண்டும் ஒருவரும் விழவில்லை. வகுப்பே காத்திருந்து படித்தது. ஆனால் என் பக்கங்களைச் சட்டென்று புரட்டித் தள்ளிவிட்டு, குடைக்காரனிடம் போய் நின்றுவிடுவார்கள். எனக்கு வயிறு எரியும்.

ஒருநாள் என் முறையில் விதியை மீறினேன். பக்கம் முழுக்க ஒரே குத்து, குடைக்காரன் தரையில். அழிக்க முடியாதபடி பேனாவால் வரைந்தேன். சண்டைக்கு வருவான் என்று பார்த்தால், அண்ணன் படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "சரி, விழுந்துட்டான்" என்றான், அவ்வளவுதான்.

அவசரத்தில் நான் குடையை வரைய மறந்திருந்தேன். அதைத்தான் பிடித்துக்கொண்டான். மறுநாள் அவன் கொண்டுவந்த பக்கத்தில், இடிந்து சரியும் பாலத்துக்கடியில் கைக்குழந்தையோடு ஒருத்தி அந்தக் குடையைப் பிடித்தபடி நின்றாள். குத்து விழுவதற்கு முன்பே குடைக்காரன் அவளிடம் கொடுத்துவிட்டானாம். வகுப்பில் இரண்டு பேர் அழுதே விட்டார்கள். என் பக்கத்து மேசைக்காரி ஆறுதலாகச் சொன்னாள்: "உன் ஆளுதான் ஜெயிச்சான். ஆனா குடைக்காரன் மாதிரி வராது லா."

இப்போது நான் சூப்பர் ஹீரோ படங்களைப் பற்றி இணையத்தில் எழுதுகிறேன். இரண்டு பேர் மோதினால் தோற்பவன் எதைக் கொடுத்துவிட்டுத் தோற்கிறான் என்று காட்டு, அதுதான் சண்டை என்று அடித்துப் பேசுவேன். எங்கே கற்றேன் என்று மட்டும் எழுதியதில்லை. போன வாரம் பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில், அந்தப் படக்கதையையே நண்பர்களிடம் சொன்னேன், குடை கைமாறியது என் யோசனை என்று. வாய் தவறி வந்ததல்ல. அண்ணன் எதிரில்தான் உட்கார்ந்திருந்தான்.

"உண்மையா, புரோ?" என்று ஒருவன் அவனைக் கேட்டான்.

அண்ணன் என்னை ஒருமுறை பார்த்தான். "ஆமா லா, கதையெல்லாம் அவளோடதுதான். நான் சும்மா கலர் அடிச்சேன்."

எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள். அவன் தலையைக் குனிந்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தான். இந்த முறையும் நான்தான் ஜெயித்திருந்தேன். சகிக்கவில்லை.