அக்காவின் கூடையில் எங்கள் கொழுந்து

இலங்கையிலிருந்து வந்த எங்களை நெல்லியாளத்துப் பக்கம் ஓர் அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில் கொண்டுவந்து விட்டார்கள். ஆளுக்கொரு கம்பளி, லயம் என்கிற வரிசை வீட்டில் குடும்பத்துக்கு ஓர் அறை, விடிந்தால் வேலை. இந்த அமளியில் என் அக்கா பேச்சை நிறுத்தியதை யார் கவனிப்பது? அவளுக்குப் பேசி வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டாருக்கு அங்கேயே குடியுரிமை கிடைத்தது. எங்களுக்கு இந்தப் பக்கம். தலைமன்னாரில் கப்பலேறும்வரை அழுதாள். மண்டபம் முகாமுக்கு வந்ததும் வாயை மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு யாரோ கூப்பிட்டதுபோல் திரும்பித் திரும்பிப் பார்ப்பாள். தூங்கமாட்டாள், தலை சீவமாட்டாள்.

அம்மா அப்பா இல்லாத வீடு. அவளைத் தனியாக விட்டுப்போக எனக்குப் பயம். அதனால் வேலைக்குக் கூடவே கூட்டிப்போவேன். தேயிலைச் செடிகளின் வரிசையை நாங்கள் நிரை என்போம். நிரையில் நிறுத்தினால் நிற்பாள். கொழுந்தில் மட்டும் கை வைக்கமாட்டாள்.

நிரைக்கு என்று ஒரு வழக்கம் உண்டு. அங்கிருந்து கப்பலில் எங்களோடு வந்தது அது. பக்கத்து நிரைக்காரி பிள்ளைத்தாய்ச்சி என்றாலோ காய்ச்சலில் வந்திருந்தாலோ, போகிற போக்கில் அவள் கூடையில் ஒரு பிடி போட்டுவிட்டுப் போவோம். யாரும் அதைப் பெரிதாகப் பேசமாட்டோம். கங்காணியும் அந்த நேரம் பார்த்து வானத்தில் மழை வருகிறதா என்று பார்ப்பார். அப்படித்தான் அக்காவின் கூடையும் தினமும் நிரம்பியது. நிறுவையில் முழு எடை, முழுப் பேர். ஒரு நாள் சம்பளத்தைத்தான் பேர் என்போம்.

ஊட்டி பெரியாஸ்பத்திரிக்கு மனசு டாக்டர் ஒருவர் மாதம் ஒரு தரம் கோயம்புத்தூரிலிருந்து வருகிறார் என்று கேள்விப்பட்டு, லீவு போட்டு அவளைக் கூட்டிப்போனேன். வழியில் நடுவட்டத்தில் பஸ்ஸிலேயே வாந்தி எடுத்தாள். டீக்கடையில் வாய் கொப்பளிக்க வெந்நீர் வாங்கிக் கொடுத்தேன்.

டாக்டர் சின்ன வயசுக்காரர், நல்ல மனிதர். ஒரு மாத மாத்திரையைக் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"இது குணமாகும்மா. ஆனா நடுவுல விடக்கூடாது. இந்தத் தடவை நான் குடுத்துட்டேன். இங்க ஜில்லாவுக்கு வர்ற மருந்தே கொஞ்சம், அது கதியில்லாதவங்களுக்கு. தோட்டத்து ஆளுங்க வைத்தியம் தோட்டத்தோட பொறுப்பு, சட்டமே அப்படித்தான். உங்க தோட்டத்துக் கம்பவுண்டர் நோயின்னு எழுதினா மாசாமாசம் வாங்கிக்கலாம்."

அந்த ஒரு மாதத்திலேயே அக்கா தூங்கினாள். ஒருநாள் சீப்பை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு முன்னால் உட்கார்ந்தாள். சிக்கெடுத்துச் சீவிவிட்டேன். மாத்திரை தீரப்போகிற நேரம் கம்பவுண்டரிடம் ஓடினேன். அவர் கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆள். கோபிக்கவே தெரியாத மனிதர், அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"ஏனம்மா, உங்கக்கா ஊட்டி போன நாள் தவிர ஒரு நாள்கூட பேர் விடலீங்களே. எடையும் முழுசா இருக்குது. வேலைக்கு வர்றவங்களுக்கு நோயின்னு நான் எப்படிங்க எழுதறது? மேல இருக்கறவங்க என்னையத்தான் கேப்பாங்க. நீங்க ஊட்டியிலயே கேட்டுப் பாருங்க."

ஊட்டியில் தோட்டத்தைக் கேள் என்றார்கள், தோட்டத்தில் ஊட்டியைக் கேள் என்கிறார்கள். நடுவில் என் அக்கா என்ன உதைபந்தா? அதைவிடக் கொடுமை, அவளை நோயில்லாதவளாக்கியதே எங்கள் கைதான். கொழுந்து போடாமல் விட்டால் பேர் போகும். தோட்டத்துப் பதிவேட்டில் பேரே வெட்டுப்பட்டால் தோட்ட வைத்தியமும் இல்லை, அறையும் இல்லை. போட்டால் மாத்திரை இல்லை. அட கடவுளே, என்ன பிழைப்பு இது!

மாத்திரை தீர்ந்தது. அக்கா மறுபடியும் திரும்பித் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தாள். குழாயடியில் பெண்களிடம் சொன்னேன்: "நாளைக்கு அக்கா கூடையில யாரும் போடாதீங்க."

"ஏண்டி, ஒனக்கும் புடிச்சிருச்சா?" என்றாள் மேல் லயத்துப் பெரியக்கா. விஷயத்தைச் சொன்னேன். அவள் குடத்தைக் கீழே வைத்தாள். "பேர வெட்டிட்டானுங்கன்னா?"

"வெட்டுனா நடக்கிறத பாப்போம்" என்றேன்.

மறுநாள் எவளும் போடவில்லை. கை பரபரக்கத் தலையைக் குனிந்துகொண்டே பறித்தோம். நிறுவையில் அக்கா காலிக் கூடையைத் தராசில் வைத்துவிட்டு நின்றாள். கணக்கப்பிள்ளை கூடையைக் கவிழ்த்துப் பார்த்தார்.

"என்னா இது, வெளையாட்டா?"

பெரியக்காதான் முன்னால் வந்தாள். "இத்தன நாளும் நாங்கதாங்க போட்டோம். அந்தப் புள்ளைக்கு வருத்தம், மனசுல சீக்கு. வெட்டுறதுன்னா எங்க எல்லாரு பேரையும் வெட்டுங்க."

கணக்கப்பிள்ளை காது கூசத் திட்டினார். அவரும் கப்பலில் வந்தவர்தான். பேர் போடவில்லை. ஆனால் யார் பேரையும் வெட்டவும் இல்லை. அந்த வாரம் முழுக்க அக்காவின் கூடை காலியாகவே தராசுக்கு ஏறியது. வாரக் கடைசியில் கம்பவுண்டர் தானே மலைக்கு வந்து நிரையில் அவளைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "எழுதிடறேனுங்க" என்றார்.

அதற்குப் பிறகு ஊட்டிக்குப் போகும் தோட்டத்து ஜீப்பில் மாதாமாதம் மாத்திரை வந்தது. நானே பொட்டலத்தைப் பிரித்து, தண்ணீரோடு கையில் கொடுப்பேன். மழைக்காலம் போய்ப் பனி இறங்கியபோது அக்கா தானாகக் கொழுந்தில் கை வைத்தாள். முதலில் அரைக் கூடை, பிறகு முக்கால்.

ஒரு சாயங்காலம் அடுப்பு ஊதிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து அவள் குரல். மண்டபத்தில் தொலைத்த அதே குரல்.

"அன்னைக்கி ஏன்டி யாரும் எனக்குக் கொழுந்து போடல? எம் மேல என்னா கோவம்?"

ஊதுகுழல் கையிலிருந்து விழுந்தது. அவளுக்கு ஒன்றும் தெரியாது என்றல்லவா நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். "கோவமில்லக்கா, மாத்திரை வாங்கத்தான்" என்று அழுதபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் முழுவதும் கேட்டாள். குழலை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"அத எங்கிட்ட சொல்லியிருக்கலாமே. தெரிஞ்சே காலிக் கூடையோட நின்னுருப்பேனே" என்றாள்.